பொன்முடி ஏற்றத்தில் ஒருத்தி மட்டும்

ஆவுடைத்தாய் ஓட ஆரம்பித்தது ஒரு டாக்டரால். மகள் கௌசல்யா வயிற்றில் இருந்தபோது வந்த சர்க்கரை, பிள்ளை பிறந்து வருஷங்கள் ஆன பிறகும் முழுசாக இறங்கவில்லை. தினம் காலையில் நடக்கச் சொன்னார். நடப்பது அவளுக்குச் சரிப்பட்டு வரவில்லை. ஆரியசாலையில் மிளகாயும் மல்லியும் மொத்தத்துக்கு விற்கிற கடையில் பகலெல்லாம் புடைத்துச் சலித்துப் பாக்கெட் போடுகிறவள் அவள். விடிந்ததும் புத்தரிக்கண்டம் மைதானத்தை அசைந்து அசைந்து சுற்றி வருவது வேலையற்ற வேலையாகப் பட்டது. சட்டென்று முடித்துவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைக்கலாம் என்று காலை எட்டிப் போட்டாள். எட்டிப் போட்டது ஓட்டமாகிவிட்டது. மூச்சு வாங்க வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, தொண்டையில் நெடுநாளாக உட்கார்ந்திருந்த மிளகாய் நெடி வெளியே போய்விட்டது போலிருந்தது. மறுநாளும் ஓடினாள். சேலையை விட்டுச் சுடிதாருக்கு மாறினாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிக்க மறந்துபோனார்கள்.

அவள் புருஷன் சற்குணம் பாவூர்சத்திரத்துக்காரன். கட்டட வேலைக்கென்று திருவனந்தபுரம் வந்தவன், சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தபின், சாலைக் கடைத்தெருச் சந்து ஒன்றில் இருந்த ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தான். கம்ப்யூட்டரைத் துடைக்கப் போனவன் கம்ப்யூட்டரைக் கற்றுக்கொண்டான். இப்போது அவன் கை படாமல் அந்த ஸ்டூடியோவிலிருந்து ஒரு கல்யாண ஆல்பம் வெளியே போகாது. கல்யாணம் இல்லாத மாதங்களில் விளையாட்டுப் படங்கள் வரும். பினு என்ற போட்டோகிராபர் கால்பந்து, வாலிபால், ஓட்டப் பந்தயம் என்று எது எங்கே நடந்தாலும் போய்க் குவியலாக எடுத்து வருவான். எடுத்த படத்தில் எல்லாம் இருக்கும். உயரம் தாண்டுகிற பெண்ணின் தலையில் முளைத்த மாதிரி ஒரு விளக்குக் கம்பம் நிற்கும். கோல் கீப்பருக்குப் பின்னால் குப்பைத் தொட்டி, ஓடுகிறவன் காலடியில் நசுங்கிய தண்ணீர் பாட்டில். எதை எடுத்துவிட வேண்டுமோ அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுக் கொடுப்பார் முதலாளி ஸ்ரீகுமார். சற்குணம் எடுப்பான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டூடியோ லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து அவன் வேலை செய்யும்போது, ஆவுடைத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். அவளுக்கு அது சினிமா பார்க்கிற மாதிரி.

"அந்தா, அந்த வாளி. அதை எடுங்க."

அவன் விரல் அசையும். வாளி இருந்த இடத்தில் புல் இருக்கும்.

"எங்கங்க போச்சு அது?"

"எங்கயும் போவல. பக்கத்துல கெடக்க புல்லை எடுத்து அது மேல பூசியாச்சு. இப்பல்லாம் பட்டனை அமுக்குனா அதுவே எடுத்துரும். ஆனா ஆளு மேல ஆளு மறைச்சு நின்னா அதுக்குத் தெரியாது. கையாலதான் செய்யணும்."

ஒருமுறை நீளம் தாண்டுகிற பிள்ளைக்குப் பின்னால் ஒரு மனுஷர் முதுகைச் சொறிந்துகொண்டு நின்றார். சிவப்பு வட்டம் அவர்மேல் இல்லை. "இவரையும் எடுத்துருங்க, புள்ளை படத்தைக் கெடுக்காரு" என்று ஆவுடைத்தாய்தான் சொன்னாள். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

விஷ்ணுப்ரியாவை அவள் சந்தித்தது அந்த மைதானத்தில்தான். கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் வீடு, பேங்கில் வேலை. பன்னிரண்டு வயதில் கண் நரம்பு கெட ஆரம்பித்து, பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் முழுசாக இருட்டிவிட்டது. அப்பா வெங்கடேஸ்வரன் தினமும் அவள் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வருவார். ஒருநாள் அவர்களைத் தாண்டி ஆவுடைத்தாய் ஓடியபோது, "சித்த நில்லுங்கோ" என்று குரல் வந்தது.

"தினம் எங்களைத் தாண்டிண்டு ஓடறது நீங்கதானே? உங்க கால் சத்தம் எனக்கு நன்னா ஓர்மையாக்கும். எனக்கும் அதுமாதிரி ஓடணும்."

வெங்கடேஸ்வரன் சங்கடப்பட்டார். "அவ ஏதோ சொல்றா. நீங்க போங்கோ."

ஆவுடைத்தாய்க்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. "வாங்க மேடம், ஓடுவோம்" என்று கையைப் பிடித்துவிட்டாள்.

கையைப் பிடித்துக்கொண்டு ஓடினால் இரண்டு பேருக்கும் கை வீச முடியாது என்று சில நாளில் தெரிந்தது. ஷூ லேஸ் ஒன்றின் இரண்டு முனையிலும் வளையம் போட்டு, ஒன்றை விஷ்ணுப்ரியாவின் வலது கையிலும் மற்றதைத் தன் இடது கையிலும் மாட்டிக்கொண்டாள் ஆவுடைத்தாய். அதன் பிறகு ஓட்டம் பிடிபட்டது. 'மேடம்' போய் 'பிரியா' ஆனது. 'நீங்க' போய் 'நீ அக்கா' ஆனது. பிரியாவின் அம்மா நாகலக்ஷ்மி மாமி காப்பி கொடுக்காமல் அனுப்ப மாட்டாள் என்கிற அளவுக்கு அந்த வீடு பழகிப்போனது.

கூட ஓடுகிறவளுக்குக் காலைவிட வாய்க்குத்தான் வேலை. பள்ளம், மேடு, வலப்பக்கம் சாய், இடப்பக்கம் சைக்கிள். இவ்வளவு சொன்னால் போதும். ஆவுடைத்தாயால் அதோடு நிறுத்த முடியாது. கடற்கரைப் பக்கம் ஓடுகிற நாட்களில், "கடலு இன்னிக்குச் சாம்பக் கலர்ல கெடக்கு பிரியா. ஒருத்தன் படகுக்கு நீலப் பெயிண்ட் அடிக்கான், பாதி படகு அடிச்சிருக்கான், மீதிய அவன் மூஞ்சியில அடிச்சிருக்கான்" என்பாள். விஷ்ணுப்ரியா ஓடிக்கொண்டே சிரிப்பாள். பன்னிரண்டு வயதுவரை நிறம் பார்த்தவள். "நீ சொன்னா எனக்கு அப்படியே தெரியறது அக்கா. அப்பா சொன்னா நியூஸ் வாசிக்கறாப்ல இருக்கும்."

இப்படியே வருஷங்கள் போயின. ஊருக்குள் நடக்கிற ஓட்டங்களில் இரண்டு பேரும் சேர்ந்து ஓடினார்கள். விஷ்ணுப்ரியாவின் பேங்கில் அவளுக்குக் கைதட்டினார்கள், பூங்கொத்து கொடுத்தார்கள். பூங்கொத்தை வாங்கிக்கொண்டு அவள் நேரே ஆரியசாலை கடைக்கு வந்து, மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே நின்று, "இதுல என்ன என்ன பூ இருக்குன்னு சொல்லு" என்று ஆவுடைத்தாயிடம் நீட்டுவாள். கூட வேலை பார்க்கிற முத்தாரம்மாள், "ரெண்டும் போன பிறவியில ஒரு வயித்துல பொறந்திருக்கும்" என்பாள்.

பிறகுதான் பொன்முடி வந்தது. கல்லாற்றில் புறப்பட்டு, வளைவுகள் ஏறி, மேலே உச்சியில் முடிகிற மலை ஓட்டம். கண் தெரியாத பெண் யாரும் அதை ஓடி முடித்ததில்லை என்றார்கள். மாதக்கணக்கில் பழகினார்கள்.

ஓட்டத்தன்று கல்லாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் ஆற்றுச் சத்தம் பின்னால் போய் ஏற்றம் தொடங்கியது. பாதி மலையில் விஷ்ணுப்ரியாவின் ஆடுசதை பிடித்துக்கொண்டது. ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு ஆகாது. நீ போய்ட்டு வா" என்று அழுதாள். ஆவுடைத்தாய் தரையில் மண்டியிட்டு அந்தக் காலை மடியில் வைத்து நீவினாள். நீவிக்கொண்டே, எதிரே தேயிலைச் சரிவில் இலை பறிக்கிற பெண்கள் கூடையை இறக்கிவைத்து இவர்களையே பார்ப்பதையும், அதில் ஒருத்தி சிவப்புக் கம்பளிக்கு மேல் மஞ்சள் பிளாஸ்டிக் கட்டியிருப்பதையும், மூடுபனி அடுப்புப் புகை மாதிரி ரோட்டில் தவழ்ந்து வருவதையும் சொன்னாள். விஷ்ணுப்ரியா மூக்கை உறிஞ்சினாள். "எழுந்திருக்கட்டுமா?" என்றாள்.

மேலே கடைசி வளைவுகளில் ஒன்றில், கைப்பிடிச் சுவர்மேல் பினு கேமராவோடு உட்கார்ந்திருந்தான். "சேச்சீ, ஒந்நு சிரிச்சே!" என்று கத்தினான். "குரங்கு மாதிரி மதில்ல உக்காந்திருக்கான் பினு" என்றாள் ஆவுடைத்தாய். விஷ்ணுப்ரியா அவள் பக்கம் முகத்தைத் திருப்பி வாய்விட்டுச் சிரித்தாள். அந்த நொடியை பினு எடுத்துவிட்டான். இரண்டு பேருக்கும் ஒரே கால் முன்னால், நடுவில் லேஸ் தொய்ந்து தொங்க, பின்னால் பனியும் வளைகிற ரோடும். முடிக்கிற இடத்தில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதது வேறு கதை.

அந்தப் படத்தை சற்குணம் போனில் காட்டியபோது ஆவுடைத்தாய் நெடுநேரம் பார்த்தாள். இவ்வளவு அழகாக அவள் எந்தப் படத்திலும் இருந்ததில்லை. தன் கல்யாணப் படத்தில்கூட இல்லை.

ஓணம் கழிந்த சமயம். கடைக்குச் சரக்கு விஷயமாகப் பாளையம்வரை போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள். ஆயுர்வேத காலேஜ் ஜங்ஷனில் சிக்னலுக்கு நின்றது பஸ். ஜன்னலுக்கு வெளியே கட்டட உயரத்துக்கு ஒரு விளம்பரப் பலகை. பனி, வளைகிற ரோடு, விஷ்ணுப்ரியா. மனசு குளிர்ந்து போய், பக்கத்து சீட்டுக்காரியிடம், "இது எங்க பிரியாவாக்கும்" என்றுகூடச் சொல்லிவிட்டாள். பிறகுதான் அவளுக்கு ஏதோ இடறியது.

பொன்முடி ரோட்டில் விஷ்ணுப்ரியா ஒரு அடியும் தனியாக எடுத்து வைக்கவில்லை. அப்படியானால் இப்படி ஒரு படம் இருக்கவே முடியாது.

பஸ் நகர்வதற்குள் இறங்கிவிட்டாள். ரோட்டைக் கடந்து பலகைக்கு நேர் கீழே போய் அண்ணாந்து நின்றாள். அதே சிரிப்பு, அதே கால். முகம் வலப்பக்கம் திரும்பி இருந்தது. அந்தப் பக்கம் பனி மட்டும் இருந்தது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று படத்தில் இல்லை. மேலே மலையாளத்தில் பெரிதாக எழுதியிருந்தது. மகளோடு உட்கார்ந்து எழுத்துக்கூட்டப் பழகியிருந்ததால் வாசித்தாள்: ஒற்றய்க்கு, உயரத்திலேக்கு. தனியாக, உயரத்துக்கு. அதன் கீழே பேங்கின் பெயர்.

அன்று சாயங்காலம் சற்குணம் வந்து சாப்பிட உட்கார்ந்தான். தட்டில் சோற்றை வைத்தபடியே அவள் சொன்னாள்.

"ஆயுர்வேத காலேஜ்ல பிரியா படம் வச்சிருக்காங்க. பொன்முடி படம். நான் அதுல இல்ல. கயிறையும் காணல, என்னையும் காணல. எந்தப் பாவி செஞ்சானோ தெரியல."

சற்குணம் சோற்றைப் பிசைந்தான். பிறகு தலை நிமிராமல் கேட்டான்.

"ரோட்டோரத்து வெள்ளைக்கோடு முறிஞ்சு தெரியுதா?"

ஆவுடைத்தாய் கையில் குழம்புக் கரண்டி அப்படியே நின்றது.

கேட்ட பிறகுதான் தான் கேட்டது என்ன என்று அவனுக்கும் உறைத்தது. பிசைந்த கை பிசைந்தபடி இருந்தது.

"நீங்களா?"

"ஏட்டி, கொஞ்சம் கேளு..."

"நீங்களான்னு கேட்டேன்."

"வேலைக்கு வந்துது. ஒன்னயச் சுத்தி செவப்பு வட்டம் போட்டு வந்துது. நான் ஸ்ரீகுமார் சாரிட்ட சொன்னேன், இது என் வீட்டுக்காரியாக்கும்னு. அவரு, அப்படின்னா பேங்க்காரங்ககிட்ட நீயே பேசிக்கோன்னுட்டாரு. அதுக்குள்ள பிரியாவே போன் பண்ணிச்சு. 'அண்ணா, நான் அக்காட்ட சொல்லிக்கறேன், நீங்க பண்ணிடுங்கோ'ன்னுது. நீ ஒண்ணும் கேக்கல. சரி, சொல்லியிருக்கும், ஒனக்குச் சம்மதம்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே நீங்க."

"கேக்கணும்னுதான் இருந்தேன்."

"இந்த வீட்டுல எத்தனை ரூம் இருக்கு? எங்க தேடியும் என்னைக் காணலயோ?"

அவள் கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"மொதல்ல எதை எடுத்தீங்க?"

"அது எதுக்கு இப்ப?"

"சொல்லுங்க."

"கயிறை" என்றான். "அப்புறம் கையி. ஒன் கையி அவ இடுப்புக்கு முன்னால வந்திருந்துது. அதை எடுத்தா அவளுக்கு இடுப்பு இல்ல. வேற படத்துலருந்து எடுத்து ஒட்டவேண்டி வந்துது. பட்டனை அமுக்குனா ஆகல. ஒவ்வொண்ணா கையால செஞ்சேன்."

"முகம்?"

"முகத்தைக் கடைசியாத்தான் எடுத்தேன், ஆவுடை. ஸ்கிரீன் நெறய ஒன் முகம்தான். நான் செய்யலன்னா வேற ஒருத்தன் செய்வான். அவன் செஞ்சா கேவலமா செஞ்சிருப்பான்."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளை அடித்தது. அவளைத் துடைப்பதிலும் அவனுக்குத் தொழில் சுத்தமாக இருக்க வேண்டியிருந்திருக்கிறது. திரை நிறையத் தன் முகத்தை வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்ததை நினைத்துப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவன் அவளை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. முதுகு சொறிந்துகொண்டு நின்ற அந்த மனுஷர் ஞாபகம் வந்தார். அவருக்கும் வீடு வாசல் இருந்திருக்கும். அவள் எழுந்து போய்க் கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினாள்.

மறுநாள் கடை விட்டதும் கோட்டைக்குள் போனாள். நாகலக்ஷ்மி மாமி வாசலிலேயே, "வாம்மா ஆவுடை, இப்பத்தான் டிகாக்ஷன் எறக்கினேன்" என்றாள். கூடத்தில் விஷ்ணுப்ரியா போனில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தவள், கால் சத்தத்திலேயே நிமிர்ந்தாள். முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது.

"பாத்துட்டியா அக்கா?"

"பாத்தேன்."

மாமி காப்பியை வைத்துவிட்டு, நிலைமை புரிந்தோ என்னவோ, உள்ளே போய்விட்டாள்.

"பேங்க்ல கேட்டா. கூட ஒருத்தி இருக்கா, எடுத்துடலாமான்னு. நான்தான் சரின்னேன்" என்றாள் விஷ்ணுப்ரியா. "உங்கிட்ட சொல்லணும்னு தினம் நினைப்பேன். ஓடறச்சே சொல்ல வருவேன். நீ அந்த நேரம் பாத்து, ஒரு கிளி போறது, ரெண்டு கிளி போறதும்பே. வாய் வராது."

"எதுக்குச் சரின்ன?"

விஷ்ணுப்ரியா மடியில் இருந்த போனைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அந்த முதல் படம் ஆபீஸ்ல எல்லாருக்கும் போச்சு. பாத்தவா அத்தனை பேரும் என்ன சொன்னா தெரியுமோ? 'அந்த அம்மா எவ்வளவு நன்னா கூட்டிண்டு போறா'. அவ்வளவுதான். நான் ஓடினதை ஒருத்தர் சொல்லலை. பன்னிரண்டு வயசுலேர்ந்து என்னோட எந்தப் படத்துலயும் யாரோட கையாவது இருக்கும். அப்பா கை, அம்மா கை, டீச்சர் கை. ஒரே ஒரு படத்துல யார் கையும் வேண்டாம்னு தோணித்து."

ஆவுடைத்தாய்க்கு அது புரியத்தான் செய்தது. புரிந்ததுதான் இன்னும் வலித்தது.

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா? நானே ஒதுங்கி நின்னிருப்பேனே."

"அதனாலயாக்கும் கேக்கலை." விஷ்ணுப்ரியாவின் குரல் திடீரென்று உறுதியானது. "கேட்டா நீ குடுப்பே. பின்னே அதுவும் நீ குடுத்ததா ஆயிடும்."

காப்பி ஆடை கட்டிப்போயிருந்தது.

"சரி, அது ஒன் விருப்பம்" என்றாள் ஆவுடைத்தாய். "ஆனா ஒனக்குத் தெரியாம எவனோ செஞ்சிருந்தா மனசு ஆறிரும் பிரியா. என்னோட ஓடுனவ நீ. என்னோட குடும்பம் நடத்துதவரு அவரு. தெரிஞ்ச ரெண்டு பேரும் கூடிப் பேசித்தான் செஞ்சிருக்கீங்க. ரெண்டு பேருக்கும் நடுவுலதான் நான் இருந்தேன். ஒரு சத்தம் எங்காதுல விழல."

விஷ்ணுப்ரியா கையை நீட்டினாள். ஆவுடைத்தாய் உட்கார்ந்திருக்கும் இடம் குரலில் தெரிந்திருந்தும், கை கொஞ்சம் தள்ளி வெறும் காற்றில் போய் நின்றது. ஆவுடைத்தாய் அதைப் பார்த்தாள். எப்போதும் எட்டிப் பிடித்துக்கொள்கிறவள், அன்று பிடிக்கவில்லை. "மாமி, வாரேன்" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

சங்குமுகம் கடற்கரையில் ஒரு ஓட்டத்துக்கு இரண்டு பேர் பெயரும் முன்பே கொடுத்தாகிவிட்டது. வாக்குக் கொடுத்ததை விடுகிற பழக்கம் ஆவுடைத்தாய்க்கு இல்லை. சொன்னபடி வந்தாள், லேஸை மாட்டினாள், ஓடினாள். விஷ்ணுப்ரியாவின் மூச்சில் ஒரு நிம்மதி தெரிந்தது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

"பள்ளம்" என்றாள் ஆவுடைத்தாய். கொஞ்ச தூரம் போய், "இடப்பக்கம்" என்றாள். "மேடு." "வண்டி நிக்கி, வலப்பக்கம் சாயி."

அவ்வளவுதான். கடல் இரைந்துகொண்டிருந்தது. சரியாக அப்போதுதான் சூரியன் முதுகுப் பக்கமிருந்து அடித்து, நனைந்த மணல் முழுக்கச் செம்பு மாதிரி மின்னியது. வலை இழுக்கிறவர்கள் வரிசையாக நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் குடையைப் பிடித்துக்கொண்டு அலையில் உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் ஆவுடைத்தாயின் நாக்கு நுனிவரை வந்து வந்து திரும்பிப் போயிற்று.

பாதி தூரத்தில் விஷ்ணுப்ரியா கேட்டாள். "அக்கா, கடல் இன்னிக்கு என்ன கலர்?"

"கடல் கலருதான்."

"பக்கத்துல என்ன இருக்கு?"

"ரோடு."

அதற்குப் பிறகு விஷ்ணுப்ரியா ஒன்றும் கேட்கவில்லை. ஓடிக்கொண்டே அழுதாள். வேர்வையோடு வேர்வையாக அது வழிந்ததைப் பார்க்காதது போல ஆவுடைத்தாய், "மேடு" என்றாள். ஒரு கல்கூடக் காலில் இடறவிடாமல் கொண்டுபோய் முடிக்கிற கோட்டைத் தாண்ட வைத்தாள். வெங்கடேஸ்வரன் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தார். அவர் கையில் மகளின் கையை ஒப்படைத்துவிட்டு, "இனிமே வேற ஆளு பாத்துக்கிடுங்க சார். எனக்குக் கடையில வேலை கூடிட்டு" என்றாள். அவர் என்ன ஏது என்று கேட்பதற்குள் பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிட்டாள். பஸ்ஸில்தான் அவளுக்கு அழுகை வந்தது. ஒரு வாரம் அந்த மாதிரி அழுகை நினைத்த இடத்தில் வந்தது. மிளகாய்க் கடை என்பதால் யாரும் காரணம் கேட்கவில்லை.

சற்குணம் தன் வழியில் சமாதானம் செய்யப் பார்த்தான். பினுவிடமிருந்து பழைய படத்தை வாங்கி, இரண்டு பேரும் சேர்ந்து ஓடுகிறதை, பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கண்ணாடிச் சட்டம் மாட்டிக் கொண்டுவந்தான். சுவரில் ஆணியும் அவனே அடித்தான்.

"இதை யாரு கேட்டா?" என்றாள் ஆவுடைத்தாய்.

"நீ இருக்க படமாக்கும்."

"என்னைய எடுக்கதும் வைக்கதும் ஒங்க கையிலதான் இருக்கு போல."

அவன் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே போனான். ஆணி வெறுமனே நின்றது. கௌசல்யா அதில் ஸ்கூல் பையை மாட்ட ஆரம்பித்தாள்.

அவர்கள் பேசாமல் இருந்துவிடவில்லை. கேஸ் தீர்ந்தது, மகளுக்குக் காய்ச்சல், ஊரில் கோயில் கொடை என்று எல்லாவற்றுக்கும் பேசினார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவன் லேப்டாப்பைத் திறந்தால் அவள் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விடுவாள். முதலில் சில தடவை அவன், "இங்க பாரேன், ஒருத்தன் தலையில பந்து முளைச்சிருக்கு" என்று கூப்பிட்டான். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டான்.

ஓடுவதை அவள் விடவில்லை. மைதானத்தை மட்டும் மாற்றிக்கொண்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் மத்தியானம் நாகலக்ஷ்மி மாமி மடக்குக் குடையோடு ஆரியசாலை கடைக்கு வந்தாள். மல்லி வேண்டும் என்றாள். கோட்டைக்குப் பக்கத்திலேயே கடைகள் இருக்க, மல்லிக்காக இத்தனை தூரம் வருகிறவள் இல்லை மாமி. ஆவுடைத்தாய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"ஸ்நேகான்னு காலேஜ் பொண்ணு ஒண்ணு இப்ப கூட ஓடறது" என்றாள் மாமி. "நல்ல பொண்ணு. ஆனா வாயே திறக்க மாட்டாளாம். காதுல ஏதோ மாட்டிண்டு ஓடறாளாம்."

"அந்தப் புள்ளைக்கு அப்படித்தான் பழக்கமா இருக்கும், மாமி."

"இவளுக்கு ஓட்டமே குறைஞ்சு போச்சு. ஆபீஸ்லேர்ந்து வந்தா, அந்தப் படத்துல நான் எப்படி இருக்கேன், சொல்லும்மா, சொல்லும்மான்னு அரிச்சு எடுக்கறா. எனக்கு உன்னாட்டம் சொல்லத் தெரியறதா? நன்னா இருக்கேடின்னேன். அது போறலை அவளுக்கு." மாமி குரலைத் தாழ்த்தினாள். "நீ பாத்தே இல்லையோ அதை?"

"பாத்தேன்."

"ஒரு தரம் வந்து சொல்லிட்டுப் போயேன். உனக்குக் கோவம் நியாயம்தான். நான் இல்லேங்கலை."

ஆவுடைத்தாய் மல்லியை நிறுத்துப் பொட்டலம் கட்டினாள். எதிர்ச்சாரியில் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர்கள் மழையில் கத்திக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அந்தப் படம் ஒரு புள்ளி விடாமல் மனப்பாடம். பனி எங்கே வெள்ளை, எங்கே நீலம், சிரிப்பில் எந்தப் பல் தெரிகிறது என்று சொல்ல முடியும். அந்தச் சிரிப்பு யாருக்கு என்றும் சொல்ல முடியும்.

"பாக்கேன் மாமி" என்றாள்.

மாமிக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். குடை சட்டென்று விரிய மாட்டேன் என்றது. ஆவுடைத்தாய் அதை வாங்கி விரித்துக் கொடுத்து, தெருவில் தண்ணீர் ஓடுகிற இடம் தாண்டுகிறவரை கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கோட்டைக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போகவில்லை.